பட்டையைக் கீறிப் பார்த்தவர்

போன வாரம், மாசி வெயிலில், தென்னூரிலிருந்து சைக்கிள் மிதித்து ஸ்ரீரங்கம் வந்தார் இப்ராகிம் சாயபுவின் மருமகன். வாசலில் நின்றபடியே, "மாமா மவுத்தாயிட்டாங்க சாமி" என்றார். சாலை மரங்களைக் கவனிக்கும் வேலையில் பதினெட்டு வருஷம் என்னோடு நடந்த இப்ராகிம் சாயபு இல்லை. அவரை அறிந்த உங்களுக்குத்தான் இதை எழுதுகிறேன்.

பட்டுப்போன மரத்துக்குச் சுண்ணாம்புக் குறி போடுவது எங்கள் வேலை. யுத்தத்தால் பெட்ரோல் கிடைக்காமல் பஸ்கூடக் கரியில் ஓடிய காலம் அது. விறகுக்கு ஏகக் கிராக்கி. குறி விழுந்தால் மறுநாளே கோடரி விழும். மழை பொய்த்த அந்த வருஷம் தொட்டியம் சாலை வாகைகள் மொட்டையாக நின்றன. சாயபு காய்ச்சலில் கிடந்தார். நான் தனியாகப் போய், ஒன்றின் பட்டையைக்கூடக் கீறிப் பார்க்காமல், ஏழு மரங்களுக்குக் குறி போட்டேன். பெரிய மேதாவி!

விஷயம் தெரிந்து, மறுநாள் காய்ச்சலோடு ஓடி வந்தார். ஆறு சாய்ந்துவிட்டன. ஏழாவதைப் பேனாக்கத்தியால் கீறினார். உள்ளே பச்சை.

"ஒவ்வொரு மரமும் பஞ்சத்தை ஒவ்வொரு மாதிரி சமாளிக்குதுங்க. வேம்பு வேரை ஆழமா இறக்கும். வாகை இலையைக் கொட்டிட்டு, இருக்கிற ஈரத்தை உள்ளே புடிச்சு வச்சுக்கும். அது சாகலே சாமி, பொழைக்கப் பாக்குது" என்றார். கண் கலங்கியிருந்தது. மழை விழுந்து அந்த மரம் துளிர்த்தபோது என்னை அழைத்துப் போய்க் காட்டினார். குத்தலாக ஒரு வார்த்தை சொல்லவில்லை. திட்டியிருந்தால் தேவலை.

போன மாதம் எலும்பும் தோலுமாகப் படுத்திருந்தார். திரைக்குப் பின்னாலிருந்து அவர் மனைவி, "ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போகலாமாண்ணே? உங்க பேச்சைத்தான் கேப்பாங்க" என்றார். "பயப்படாதீங்கம்மா, இவர் வாகை. இலைதான் கொட்டியிருக்கு, துளிர்த்துடுவார்" என்றேன் நான்.

சாயபு சிரித்தார். "இப்பவும் கீறிப் பாக்காமலே சொல்றீங்களே சாமி" என்றார். நானும் சேர்ந்து சிரித்தேன், பாவி. அவர் நெற்றியைத் தொட்டுக்கூடப் பார்க்கவில்லை.

அடக்கம் முடிந்ததும் மருமகன் அந்தப் பேனாக்கத்தியை என் கையில் வைத்தார். சாயபு எனக்கு விட்டுப்போனது அது ஒன்றுதான். நேற்று அதோடு தொட்டியம் சாலைக்குப் போனேன். ஏழாவது வாகை மொட்டையாக நின்றது. கீறினேன். பச்சை.

அங்கேயே உட்கார்ந்து அழுதேன்.