பதினேழு வீடும் ஒரு தலைப்பும்

குடிநீர் அலுவலகத்தில் புகார்த் தொலைபேசியை எடுக்கும் அந்த அம்மாளுக்கு 'டாக்டர்' என்று பெயர் வைத்தவர்கள் உடன் வேலை பார்ப்பவர்கள்தான். நாற்பத்து மூன்று வயதில் மாலைக் கல்லூரியில் முதுகலை சேர்ந்த குற்றத்துக்கு அவர்கள் கொடுத்த பட்டம் அது. கல்லூரி கொடுக்க வேண்டிய பட்டம் ஓர் ஆய்வுக் கட்டுரையில் மாட்டிக்கொண்டு நின்றது. தலைப்பை நெறியாளர் ஏற்க வேண்டும். மூன்று முறை கொடுக்கலாம். மூன்றும் போனால் இரண்டு வருடப் படிப்பும் போச்சு.

முதல் தடவை 'தண்ணீரும் மனித நாகரிகமும்' என்று எழுதிக்கொண்டு போனாள். நெறியாளர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டு பார்த்தார். தலைப்பு அப்படியேதான் இருந்தது.

"எத்தனை பக்கம் எழுதப் போறீங்க?"

"நாற்பது சார்."

"நாகரிகத்துக்கு இருபது, தண்ணிக்கு இருபதா?"

குறுக்கச் சொல்கிறார் என்று புரிந்தது. எப்படி என்று புரியவில்லை. அடுத்த வாரம் 'வளரும் நாடுகளின் நகர்ப்புறக் குடிநீர் வழங்கலில் சிக்கல்களும் அவற்றுக்கான தீர்வுகளும்: ஓர் ஆய்வு' என்று கொண்டுபோய் வைத்தாள். தலைப்பு நீண்டதே தவிர ஒரு அங்குலம்கூடக் குறுகவில்லை.

"ஊர் உலகத்தை விடுங்கம்மா. ஒரு தெரு, ஒரு வருஷம், ஒரு கேள்வி. வெள்ளிக்கிழமை கடைசி" என்றார் நெறியாளர்.

வீட்டில் கணவரும் தன் பங்குக்கு நெறிப்படுத்தினார். "கல்யாணமான பொம்பளை எதுக்குப் படிக்கணும்னு தலைப்பு வையேன். சின்னதா, அழகா இருக்கு."

"அதுக்கு ஆதாரமா உங்களைத்தான் காட்டணும், பரவாயில்லையா?" என்றாள். அவருக்கு உடனே வெளியே ஏதோ வேலை இருந்தது.

மறுநாள் அலுவலகக் கணினியில், பின்பக்கத் தெருவின் போன வருடப் புகார்களை எடுத்தாள். பதினேழு வீடுகளில் தண்ணீர் கலங்கலாக வந்திருந்தது. பதினேழுக்கும் நேரே 'தீர்ந்தது'. பழுது பார்க்கும் ஆட்களின் பதிவேட்டைப் புரட்டினால், அந்தப் புண்ணியவான்கள் வருடம் முழுக்க அந்தத் தெருப் பக்கமே எட்டிப் பார்க்கவில்லை.

இதில் மர்மம் ஒன்றுமில்லை. மூன்று நாள் தொடர்ந்து அழைப்பு வராவிட்டால் புகாரைத் தீர்ந்ததாகப் பதிய வேண்டும் என்பது அலுவலக வழக்கம். பதிந்தவளும் அவள்தான். இந்த வழக்கத்தின் புண்ணியத்தில் மாதாமாதம் தொண்ணூற்றெட்டு சதவீதம் தீர்வு கண்டு, கேடயம்கூட வாங்கியிருந்தார்கள். ஆனால் தண்ணீர் தெளியாமலே அத்தனை பேரும் எப்படி ஓய்ந்துபோனார்கள்? எத்தனை யோசித்தும் அவளுக்குப் பிடிபடவில்லை.

நெறியாளரிடம் போனில் சொன்னதும் அவர் குரலே மாறிவிட்டது. "இதுதாம்மா தலைப்பு! ஒரு வீட்லயாவது கேட்டுட்டு வாங்க. கையெழுத்துப் போடறேன்."

வியாழக்கிழமை மதியம் முதல் வீட்டுக் கதவைத் தட்டினாள். திறந்த பெண்ணின் பின்னால், குழாய் வாயில் துணி கட்டியிருந்தது. துணி மண் நிறத்தில் இருந்தது.

"போன வருஷம் தண்ணி கலங்கலா வருதுன்னு புகார் பண்ணீங்களே, அப்புறம் ஏன் கூப்பிடறதை நிறுத்திட்டீங்க?"

அந்தப் பெண் அவள் முகத்தையே பார்த்தாள். "நீங்கதானே போன் எடுக்கறது? இந்தக் குரல் எனக்கு நல்லாத் தெரியும்."

"ஆமாங்க."

"மூணு தடவை கூப்பிட்டேன். 'உங்க ஒரு வீட்ல மட்டுந்தான்மா, தெருவில வேற யாரும் சொல்லலையே'ன்னு மூணு தடவையும் சொன்னீங்க. சரி, நம்ம வீட்டுக் குழாய்தான் சரியில்லைன்னு துணி கட்டி வடிகட்டிக் குடிக்கிறோம்."

அந்த வாக்கியத்தை அவள் ஒரு நாளைக்கு நாற்பது தடவை சொல்வாள். வேலைக்குச் சேர்ந்த அன்றே மனப்பாடம் செய்தது. பதினேழு வீட்டுக்கும் அதையேதான் சொல்லியிருப்பாள். குறிப்பேட்டில் ஒரு எழுத்துகூட எழுதாமல் திரும்பி வந்தாள்.

வெள்ளிக்கிழமை நெறியாளர் பேனாவைத் திறந்தபடி கேட்டார். "போனீங்களா? ஏன் நிறுத்தினாங்களாம்?"

"நான்தான் சார் காரணம்." நடந்ததைச் சொன்னாள்.

அவர் பேனாவை மூடினார். "இது உங்களுக்கும் சங்கடம், உங்க வேலைக்கும் ஆபத்து. வேற தலைப்பு எடுத்துக்கிறீங்களா? ஒரு வாரம் அவகாசம் நான் வாங்கித் தரேன்."

"வேண்டாம் சார். கையெழுத்துப் போடுங்க" என்றாள். "இன்னும் பதினாறு வீடு இருக்கு. அங்கேயும் நான் இந்தக் குரல்லதானே கேட்கணும்."