கீழே யார் இருக்கிறார்கள்?

இந்த நாட்டில் நம் வீட்டுத் தரை நமக்குச் சொந்தமில்லை. அது கீழ்வீட்டுக்காரரின் கூரை. பாரீசுக்குப் பக்கத்தில் நாங்கள் குடியிருக்கும் மூன்றாம் மாடியில் ஒரு கரண்டி விழுந்தால் போதும், கீழ்வீட்டு மதாம், அந்த வீட்டு அம்மாள், துடைப்பக் கட்டையால் தன் கூரையை இடிப்பார். அந்த இடி நம் உள்ளங்காலில் கேட்கும். அதனால் மகன் அருள் நடக்கத் தொடங்கிய நாள் முதல் நான் சொல்லி வளர்த்தது ஒன்றுதான்: "மெதுவாடா, கீழ மதாம் இருக்காங்க."

எண்பதுகளின் தொடக்கம். அருளுக்கு ஐந்தரை வயதானபோது அவனுடைய மழலையர் பள்ளி ஆசிரியை, இங்கே மெத்ரெஸ் என்பார்கள், என்னைக் கூப்பிட்டனுப்பினார். மற்றப் பிள்ளைகள் ஒற்றைக்காலில் நொண்டுகிறார்கள், பெஞ்சிலிருந்து குதிக்கிறார்கள். இவன் மட்டும் தரையைப் பார்த்தபடி நிற்கிறானாம். கால் நிலைக்காத பிள்ளைக்குப் பேனா எப்படி நிலைக்கும் என்பது அவர் கட்சி. டாக்டரிடம் காட்டச் சொன்னார். விடுமுறை முடிந்தும் இப்படியே இருந்தால் பெரிய பள்ளிக்கு அனுப்ப முடியாது என்றார். நான் விட்டுக்கொடுப்பேனா? எழுபதுகளில் நானும் எங்கள் ஊர் முத்தியால்பேட்டையில் பால்வாடி டீச்சர். அங்கே பிள்ளையின் வளர்ச்சியை அளக்க எங்களிடம் ஒரே சோதனைதான்: வலது கை தலைக்கு மேலாகப் போய் இடது காதைத் தொட வேண்டும். தொட்டால் பெரிய பள்ளி. மற்றபடி கைகட்டி அசையாமல் உட்காரும் பிள்ளையே நல்ல பிள்ளை. அருளை அங்கேயே காதைத் தொடவைத்துப் பெருமையாக நின்றேன். மெத்ரெஸ் கவலையோடு குனிந்து, "எவ்வளவு நாளாகக் காது வலிக்கிறது?" என்று அவனைக் கேட்டார். கால் டாக்டரோடு காது டாக்டரும் சேர்ந்துகொண்டார்.

அந்தக் கோடையில் ஊருக்குப் போனதும் அவனை என் பழைய பால்வாடிக்கு இழுத்துப் போனேன். எனக்குப் பின் அங்கே வேலைக்கு வந்த வசந்தா டீச்சரிடம் எல்லாவற்றையும் கொட்டினேன். அவர் அருளை மண் முற்றத்தில் நிறுத்தி, "எங்க கண்ணு, ஒரு குதி குதி," என்றார்.

அருள் தரையைப் பார்த்தான். "கீழ யாரு இருக்காங்க?" என்று கேட்டான்.

"கீழயா? மண்ணுதான் இருக்கு," என்றார் வசந்தா.

அவ்வளவுதான். குதித்தான், நொண்டினான், மத்தியானம் வரை நிற்கவில்லை. வசந்தா என்னைத் திரும்பிப் பார்த்து, "புள்ளைக்கு ஒண்ணுமில்லக்கா. நல்லாத்தான் வளத்திருக்கீங்க," என்று சிரித்தார். டீச்சராக இருந்து வாங்கிய சம்பளத்தையெல்லாம் திருப்பிக் கொடுத்துவிடலாமா என்றிருந்தது. வெட்கப்படுவதற்கு முன்னால் அழுகை வந்துவிட்டது.

செப்டம்பரில் மெத்ரெஸ் முன்னால் நொண்டிக் காட்டினான். அவரும் கைதட்டிப் பெரிய பள்ளிக்கு அனுப்பினார். வீட்டுக்குள் மட்டும் பழையபடி பூனைதான்.

அவன் தேறிவிட்டான். என் கதை வேறு. அந்தக் கோடையில் ஊரிலிருந்து கிளம்புவதற்கு முந்தின நாள், அம்மா வீட்டுச் சமையல்கட்டுக்குத் தண்ணீர் குடிக்கப் போனேன். வெங்காயம் உரித்துக்கொண்டிருந்த தங்கை நிமிர்ந்து, "இன்னாக்கா, நம்ம ஊட்லயே திருடி மாதிரி நடக்கறே?" என்றாள். குனிந்து பார்த்தேன். நான் பிறந்த வீட்டுத் தரையில் என் இரண்டு குதிகாலும் படாமல் தூக்கியே இருந்தன.