குடும்ப வயிறு

வலி வந்துவிட்டால் பேட்டரி அண்ணன் பேச்சைப் பாதியில் விட்டுவிட்டுக் குந்தி உட்கார்ந்துகொள்வார். முழங்கால்கள் இரண்டையும் வயிற்றோடு சேர்த்துக் கட்டிக்கொண்டு, பல்லைக் கடித்தபடி ஐந்து நிமிடம். பிறகு ஒன்றுமே நடக்காத மாதிரி எழுந்து சுத்தியலை எடுப்பார். பழைய பேட்டரிகளை உடைத்து, உள்ளேயிருக்கும் ஈயத் தகடுகளைப் பிரித்தெடுக்கிற வேலை. பதினெட்டு வருஷமாகிறது; சொந்தப் பெயர் அவருக்கே மறந்துபோயிருக்கும்.

"இது எங்க குடும்ப வயிறுங்க. எங்கப்பாவுக்கும் இதேதான்" என்பார், ஏதோ பூர்வீக சொத்தைப் பற்றிச் சொல்கிற தோரணையில். ஏழு வயது மகளும் சுவரோரம் அதே மாதிரி குந்த ஆரம்பித்தபோது, பாவி மனுஷன், பெருமைதான் பட்டார். "என்னை அப்படியே உரிச்சு வெச்சிருக்கா பாரு."

மாலையில் அவர் தலை தெரிந்ததும் மகள் ஓடிவந்து தோளில் கிடக்கும் துண்டைப் பிடுங்குவாள். அதை முண்டாசாகக் கட்டிக்கொண்டு அப்பா மடியில் ஏறி உட்கார வேண்டும் அவளுக்கு. ஒரு காலத்தில் அது வெள்ளைத் துண்டாம்.

மகளுக்கு நேற்றுப் படித்த எழுத்து இன்றைக்கு மறந்துபோகிறது என்று டீச்சர்தான் ஆஸ்பத்திரிக்கு அனுப்பினார். அங்கேயும் அண்ணன் குடும்ப வயிற்றுக் கதையைச் சொல்ல, மகளின் ரத்தப் பரிசோதனைத் தாளைப் பார்த்த நர்ஸ், "உங்கப்பா என்ன வேலை பார்த்தாரு?" என்று அவரிடம் கேட்டார்.

"இதே பட்டறைதாம்மா."

"அப்ப இது குடும்ப வயிறு இல்ல. அவருக்கும் ஈயம், உங்களுக்கும் ஈயம், இப்ப இவளுக்கும். உங்க சட்டையில, துண்டுலதான் அந்தத் தூள் வீட்டுக்கு வருது. இன்னும் ஏறினா மூளையைக் கெடுத்துரும். அங்கேயே குளிச்சு, துணி மாத்திக்கிட்டு வாங்க."

அங்கேயே எங்கே குளிப்பது? பட்டறையில் இருப்பது ஒரே குழாய். அது முதலாளியின் கார் கழுவ. காருக்குத் தூசி ஆகாதாம், என்ன கரிசனம்! எவனாவது அதில் கை கழுவினால் அன்றோடு சீட்டுக் கிழிந்துவிடும். அண்ணன் அந்தப் பக்கம் தலைவைத்துப் படுத்ததில்லை.

மறுநாள் பட்டறை ஆணியில் ஒரு பையை மாட்டினார். உள்ளே துவைத்த துணி. பகல் முழுக்க உடைப்பதும் பையைப் பார்ப்பதுமாக இருந்தார். வயிறு இரண்டு தடவை பிடித்தது.

மணி அடித்ததும் பையோடு நேராகக் குழாயடிக்குப் போனார். மேஸ்திரி பின்னாலேயே வந்தார். "யோவ், அது கார் குழாய். நாளைக்கு வேலை வேணுமா, வேணாமா?"

"வீட்டுல பொண்ணு துண்டுக்குக் காத்துக்கிட்டிருக்கா."

பயம்தான், பின்னே இருக்காதா? வயிற்றை ஒரு கையால் பிடித்துக்கொண்டு, மறு கையால் குழாயைத் திறந்து, தலையைக் குனிந்து நீட்டினார்.