ஈரச் சுவரும் சம்பந்தியும்

அந்தப் பெயிண்டரைத் தெருவில் ‘அப்பல்’ என்றுதான் கூப்பிடுவார்கள். பிரஷ்ஷை வாளியில் முக்கினால் ஓரத்தில் வழித்துவிடுகிற பழக்கமே அவருக்குக் கிடையாது. அள்ளுவார், அப்புவார். அவர் கைபட்ட சுவர் சதை போட்டுவிடும். ஜன்னலுக்கு அடித்தால் திறந்தது மூடாது, மூடியது திறக்காது. வீட்டுக்காரர்கள் கத்தினால், “பத்து வருஷத்துக்குக் கவலையில்ல, விடுங்க” என்பார்.

ஊர் வீடெல்லாம் வெள்ளையடித்தவர் சொந்தக் கூடத்தைத் தொட்டது, மகள் விரும்பிய பையனின் அப்பா அம்மா முதன்முதலாக வருகிற அன்று காலையில்தான்.

“இன்னிக்காப்பா? காயவே காயாதே!” மகள் தலையில் அடித்துக்கொண்டாள். அந்த வீட்டில் முதல் ஆளாகக் கல்லூரிக்குப் போய் ஆங்கிலம் படித்தவள். கல்யாணம் கூடிவரவேண்டுமே என்று அவளுக்குச் சாப்பாடே இறங்கவில்லை.

“அவங்க வர்றதுக்குள்ள காஞ்சிடும்மா.”

காயவில்லை. பையனின் அப்பா தையற்காரர். தானே தைத்த புதுக் கருநீலச் சட்டையில் வந்தவர், “வீடு பளிச்சுனு இருக்கே!” என்று சொல்லிச் சுவரில் சாய்ந்தார். நிமிர்ந்தபோது சட்டை சுவரிலிருந்து பிய்ந்து வருகிற சத்தமே கேட்டது.

கூட வந்திருந்த பையன் கண்ணை மூடிக்கொண்டான். மகளுக்குப் பாதி உயிர் போய்விட்டது. பெயிண்டருக்கோ வேறு கவலை. சம்பந்தியின் முதுகில் இடது தோள் பக்கம் திட்டுத்திட்டாக வெள்ளை, வலது பக்கம் மொட்டை. அரைகுறை வேலையைக் கண்டால் அவர் கை சும்மா இருக்காது.

“அசையாதீங்க சம்பந்தி.”

பிரஷ்ஷை வாளியில் முக்கி, காலரில் தொடங்கி, கீழே சட்டை முடிகிற வரை முதுகு முழுக்க அப்பி முடித்த பிறகுதான் மூச்சு விட்டார்.

“ஏம்மா, இங்கிலீஷ் படிச்சவளாமே,” என்றாள் பையனின் அம்மா. “இந்தக் கூத்துக்கு இங்கிலீஷ்ல என்ன பேரு?”

மகளுக்குப் பொய் வராது. “daub-னு ஒரு வார்த்தை இருக்கு அத்தை. தாறுமாறா அப்புறது. மட்டமா வரைஞ்ச படத்தையும் அப்படித்தான் சொல்வாங்க.” அப்பாவின் முகம் சுருங்குவதைப் பார்த்து அவசரமாகச் சேர்த்தாள்: “ஆனா லத்தீன்ல அதோட வேர், வெள்ளையாக்கறதுதான். பிரெஞ்சு வழியா வந்தப்போ வெள்ளையடிக்கறது, சுவர் பூசறது. அப்புறந்தான் பேரு கெட்டுப்போச்சு.”

“கேட்டுக்குங்க!” பெயிண்டர் நெஞ்சை நிமிர்த்தினார். “லத்தீன்காரன் காலத்துத் தொழில்!”

தையற்காரர் கூடத்து நிலைக்கண்ணாடிக்கு முதுகைக் காட்டிக் கழுத்தைத் திருப்பிப் பார்த்தார். எல்லோரும் அவர் வாயையே பார்த்தார்கள்.

“முதுகுத் தையல் கோணிப்போச்சுன்னு வழியெல்லாம் இவ நச்சரிச்சுக்கிட்டே வந்தா. இப்போ தேடினாலும் தெரியாது,” என்றார். “ஆனா ஒண்ணு. இது காயற வரைக்கும் உட்காரவும் முடியாது, தெருவுல இறங்கவும் முடியாது. நின்னுக்கிட்டே கல்யாணத் தேதியைப் பேசிடுவோம்.”