காய்ச்சல் பார்த்த கை

நடுவட்டத்துக்கு மேலே, வெள்ளைக்காரத் துரை ஒருவரின் தேயிலைத் தோட்டத்தில் என் தந்தை எழுத்தராக இருந்தார். தோட்டத்துப் பள்ளியில்தான் நான் நான்காம் வகுப்பு வரை படித்தேன். தகரக் கூரையிட்ட ஒரே அறை, ஒரே ஆசிரியை. இப்போது சென்னையில் இலக்கியம் படிக்கிறேன். விடுதியில் யாருக்கேனும் உடம்பு சரியில்லை என்றால் தோழிகள் சட்டென்று நெற்றியில் கை வைத்துப் பார்க்கிறார்கள். நான் மட்டும் முதலில் என் கையைத் தண்ணீரில் நனைத்துக்கொள்கிறேன். ஏன் என்று கேட்பவர்களுக்கு இதுவரை நான் விடை சொன்னதில்லை.

ஆசிரியை கோயமுத்தூர்ப் பக்கத்திலிருந்து தனியாக வந்தவர். பாடம் தொடங்குமுன் எங்களை வரிசையாக நிறுத்தி, ஒவ்வொருவர் கழுத்திலும் கை வைத்துப் பார்ப்பார். காய்ச்சல் தெரிந்தால் அந்தப் பிள்ளையை உடனே மருந்துக் கொட்டகைக்கு அனுப்பிவிடுவார். தாமதிக்க முடியாது. கம்பவுண்டர் காலையில் சிறிது நேரமே அங்கிருப்பார். பிறகு குதிரையேறி அடுத்த தோட்டங்களுக்குப் போய்விட்டால் மறுநாள்தான் வருவார். தாய்மார்கள் விடியுமுன்னரே கொழுந்து பறிக்க இறங்கிவிடுவார்கள். பகல் முழுவதும் அந்தப் பிள்ளைகளைத் தொட்டுப் பார்க்க இருந்தது ஆசிரியையின் கை ஒன்றுதான்.

முதல் ஆண்டில் அந்தக் கை சில்லென்றிருக்கும். கழுத்தில் பட்டதும் பிள்ளைகள் தோளைக் குறுக்கிக்கொண்டு நழுவுவார்கள்.

"ஐயோ, தவக்களை ஏறுது டீச்சரம்மா!" என்று யாராவது கத்த, அறை முழுவதும் சிரிக்கும்.

அவரும் சிரிப்பார். ஆனால் அடுத்த மழைக்காலத்தில் தம் செலவில் ஒரு கரி அடுப்பு வாங்கி வந்து, கைகளை அனலில் காட்டி நன்றாகச் சூடேற்றிய பிறகே எங்களைத் தொடத் தொடங்கினார். குளிரில் நடந்துவரும் பிள்ளைகளைக் குளிர்ந்த கையால் தொடக் கூடாது என்பது அவர் எண்ணம்.

என் பக்கத்தில் உட்காரும் சிறுமிக்கு அந்தச் சூடு மிகவும் பிடித்துப்போயிற்று. கொழுந்து பறிப்பவர் ஒருவரின் ஒரே மகள் அவள். "டீச்சரம்மா கையி சுட்ட கெழங்காட்ட இருக்குது புள்ள" என்று என் காதில் சொல்லிவிட்டு, மறுபடியும் வரிசையின் கடைசியில் போய் நிற்பாள்.

"உனக்குத்தான் பாத்தாச்சல்ல?"

"இன்னொருக்காப் பாருங்க டீச்சரம்மா. இப்ப வந்திருந்தாலும் வந்திருக்குமுங்க."

"காய்ச்சல் என்ன கோயமுத்தூர் பஸ்ஸா, நேரத்துக்கு வர்றதுக்கு?" என்பார் ஆசிரியை. ஆனாலும் கை வைப்பார்.

ஆடி மாதம். உறவினர் சாவுக்காகத் தாயும் மகளும், மலையடிவாரத்தில் குளிர்காய்ச்சல் மிகுந்த கூடலூருக்குப் போய்ச் சில நாள் தங்கித் திரும்பியிருந்தார்கள். அதற்கு இரண்டு மூன்று வாரங்களுக்குப் பிறகு, கூரை இரையும் மழையில், அவள் பற்கள் கிடுகிடுக்க வரிசையில் நின்றாள்.

"குளிருதுங்க டீச்சரம்மா."

ஆசிரியை அடுப்பிலிருந்து கைகளை எடுத்து அவள் கழுத்தைத் தொட்டார். பிறகு நெற்றியை. "இந்த ஊர்ல யாருக்குத்தான் சாமி குளிரல? சூடு ஒண்ணும் இல்ல." தாம் போர்த்தியிருந்த சால்வையை எடுத்து அவளைச் சுற்றி, அடுப்பருகே உட்காரவைத்தார். அன்று அவள் இரண்டாம் முறை வரிசைக்கு வரவில்லை.

நண்பகலில் கூப்பிட்டபோது அவள் கண் திறக்கவில்லை. மூத்த மாணவி ஓடிப்போய்த் தாயை அழைத்து வந்தாள். இடுப்பில் கட்டிய சாக்கிலிருந்து நீர் சொட்ட, ஈரக் கையை மகளின் கழுத்தில் வைத்த தாய் அதை உடனே இழுத்துக்கொண்டார்.

"அனலாக் கொதிக்குதுங்களே! காத்தால பாக்கலீங்களா?"

"பாத்தேனுங்க. ரெண்டு கையாலயும் பாத்தேன்."

சொல்லிக்கொண்டே ஆசிரியை, அடுப்பருகே சூடேறியிருந்த கையால் மறுபடி தொட்டார். அவர் முகத்தில் குழப்பம் தெரிந்தது. தாயின் கையைப் பார்த்தார், அடுப்பைப் பார்த்தார். பிறகு எழுந்து வாசலுக்குப் போய், இரு கைகளையும் மழையில் நீட்டியபடி நின்றார். கைகள் நன்றாகக் குளிர்ந்ததும் திரும்பி வந்து அவளைத் தொட்டார். அந்தத் தாயைப் போலவே அவரும் சுட்டதுபோலக் கையை இழுத்துக்கொண்டார்.

கம்பவுண்டர் போய்விட்டிருந்தார். கம்பளியைக் கழியில் தூளிபோலக் கட்டி, ஊட்டி மருத்துவமனைக்கென்று நான்கு பேர் அவளைத் தூக்கிக்கொண்டு போனார்கள். வழியிலுள்ள பைக்காராவை அடைவதற்கு முன்பே திரும்பிவிட்டார்கள்.

சில நாட்களுக்குப் பின் அந்தத் தாய் சால்வையைத் துவைத்து மடித்துக் கொண்டுவந்தார். "மழைக்குக் காயலீங்க. அதான் இத்தன நாளாயிருச்சு."

"நீங்களே வெச்சுக்குங்க."

"எனக்கெதுக்குங்க? வேற புள்ளைக்குக் குளிருமுங்க."

ஆசிரியை அதை வாங்கிக்கொண்டார். மறுநாள் முதல் கரி அடுப்பு பின்சுவருக்குப் போயிற்று. பிள்ளைகள் அதைச் சுற்றி உட்காரலாம். அவர் அந்தப் பக்கமே போவதில்லை. வாசலில் மழைநீர் பிடிக்கும் பீப்பாயில் மணிக்கட்டு வரை கைகளை அமிழ்த்திவைத்திருந்து, ஈரத்தைத் துடைத்துவிட்டு எங்களிடம் வருவார். கழுத்தில் கை பட்டதும் உடம்பு தூக்கிப்போடும். தவக்களை என்று யாரும் கத்தவில்லை.

நான்காம் வகுப்பு முடிந்து, ஊட்டிப் பள்ளியில் சேருவதற்காக விடைபெறப் போனேன். அப்போது பங்குனி மாதம், நல்ல வெயில். "கொஞ்சம் இரு சாமி" என்று வெளியே போனார். பீப்பாயில் நீர் அலம்பும் ஓசை கேட்டது. திரும்பி வந்து என் கழுத்தில் கை வைத்தார். எனக்குக் காய்ச்சல் இல்லை. அவருக்கும் அது தெரிந்திருக்கும். ஆனாலும் அந்தக் கை என் உடம்பின் சூட்டில் மெல்ல வெதுவெதுப்பாகும் வரை அவர் அதை எடுக்கவில்லை.