வெயிலுக்காக வாதாடியவர்

சங்கரன்கோவில் ஸ்டேஷனில் தென்காசி ரயிலுக்குக் காத்திருந்தபோது அவர் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். புளியங்குடிப் பக்கத்து விவசாயி, ஒல்லியானவர். பேசும்போதெல்லாம் கண்ணாடியைக் கழற்றித் துண்டால் துடைத்துக்கொண்டே இருந்தார். வெயிலைப் பற்றித் தொடங்கிய பேச்சு வாதமாகிவிட்டது.

“மரம் நட்டாத்தான் பூமி குளிரும் அண்ணாச்சி,” என்றேன்.

“அது வளருததுக்குள்ள எல்லாம் கருகிரும் வே. நிலக்கரி எரிக்குதத நிறுத்தணும். சோலார்தான் வழி.”

“உங்க தோட்டத்துல போடுவீகளா?”

“போடப்போறேன். அதுக்கு இடம் வேணும்னு காய்ச்சு நின்ன எலுமிச்சை அம்புட்டையும் நேத்து வெட்டியாச்சு.”

எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. “எப்படி மனசு வந்துச்சு?”

“வரல. அதான் ஆள் விடாம நானே வெட்டுனேன்.”

ஒரே பெட்டியில்தான் ஏறினோம். பாம்புக்கோவில் சந்தை ஸ்டேஷனில் அவர் இறங்கிப் போனார். அவர்மேல் கோபப்படுவதா, அவரைக் கும்பிடுவதா என்று இன்னமும் தெரியவில்லை.