மாமாவின் ஐந்து வெடிகள்

கைத்துப்பாக்கி சுடுகிறவர்களின் வயதை அறிய அவர்களுடைய முகத்தைப் பார்க்க வேண்டியதில்லை, அவர்கள் பெட்டியிலிருந்து எடுக்கும் தோட்டாவைப் பார்த்தாலே போதும் என்பதை நான் ஒன்பது வயதில் தெரிந்துகொண்டேன். டேனிஷ் ஊரான கிரின்ஸ்டெட்டுக்கு வெளியே, பைன் மரங்களுக்கும் உருளைக்கிழங்கு வயல்களுக்கும் நடுவே இருந்த சுடுதிடலில் அந்த அறிவு எனக்கு வாய்த்தது. அங்கே பதின்வயதுப் பிள்ளைகள் சுண்டுவிரல் நுனியளவு தோட்டாவைச் சுட்டார்கள். அதற்கு மேல் அவர்களுக்கு அனுமதியில்லை. இருபதுகளில் இருந்த ஆண்களோ, சுட்ட கணத்தில் கையைத் தலைக்கு மேல் தூக்கியெறியும் ‘மக்னம்’ என்ற பெருந்தோட்டாவைத் தவிர வேறெதையும் தோட்டாவாகவே மதிக்கவில்லை. நாற்பதைக் கடந்தவர்கள் பெருந்தோட்டா அநியாய விலை விற்பதாகக் குறைப்பட்டுக்கொண்டு நடுத்தரத்துக்கு இறங்கியிருந்தார்கள். அறுபதைக் கடந்தவர்களிடம் மறுபடியும் சுண்டுவிரல் நுனிதான். குறிபார்ப்பதே கலை, சத்தம் அல்ல என்று அவர்கள் சொன்னார்கள். சொல்லும்போது மணிக்கட்டைத் தடவிக்கொண்டார்கள்.

இந்த ஒழுங்குக்குள் அடங்காத ஒருவர் அந்தத் திடலை நடத்திய கழகத்தில் இருந்தார். அவர் எங்கள் பக்கத்து வீட்டுக்காரர். ஊருக்குப் பாண் எனும் ரொட்டி சுட்ட வெதுப்பகத்தை வாழ்நாள் முழுவதும் நடத்தி ஓய்வு பெற்றவர். ஆகையால் எங்கள் வீட்டில் அவருக்குப் பெயர் பாண்காரர். வயது அறுபத்தெட்டு. ஆண்டுக்கொருமுறை வாத்தைப் பரிசாக வைத்து நடக்கும் போட்டிக்கு மட்டும் சின்னத் துப்பாக்கியை எடுப்பார். மற்றச் சனிக்கிழமைகளில், தடித்த ரிவோல்வர் ஒன்றில் மக்னம் தோட்டாக்களைப் போட்டு, தோள் அசையாமல் சுட்டுத் தள்ளுவாராம். அப்போது இளைஞர்கள் பேச்சை நிறுத்திவிட்டுப் பார்ப்பார்களாம். மா பிசைந்த கை அது, இரும்பு என்பது ஊரின் தீர்மானம்.

என் மாமாவுக்கும் ஊரில் ஒரு பெயர் இருந்தது. அதை அவர் சம்பாதிக்கவில்லை. அது தானாக வந்து ஒட்டிக்கொண்டது. மாமா என்றால் அம்மாவின் தம்பி. வயது இருபத்து மூன்று. முந்தைய ஆண்டுதான் யாழ்ப்பாணத்திலிருந்து வந்திருந்தார். போர் நடக்கும் நாட்டிலிருந்து வந்த இளைஞன் என்றால் அவன் போராளியாகத்தான் இருக்க வேண்டும் என்று தொழிற்சாலையில் அவரோடு வேலை செய்த டேனிஷ்காரர்கள் தாங்களாகவே முடிவு செய்துகொண்டார்கள். உண்மையில் மாமா கணக்கியல் படித்தவர். அவர் ஆயுதம் என்று கையில் எடுத்தது கவண் ஒன்றுதான்; அதிலும் அவர் அடித்து விழுந்தது பக்கத்து வீட்டு ஓடு. ஆனால் தேநீர் இடைவேளையில் நான்கு பேர் எழுந்து இடம் கொடுக்கும்போது, நான் கணக்கியல் மாணவன் என்று மறுத்துக் கூறும் மனவலிமை எல்லோருக்கும் வாய்ப்பதில்லை. மாமா மறுக்கவில்லை, ஆமென்றும் சொல்லவில்லை. தூரத்தைப் பார்த்துக்கொண்டு தேநீரைக் குடித்தார். அது போதுமாக இருந்தது.

வீட்டிலோ துப்பாக்கியைக் குறிக்கும் துவக்கு என்ற சொல்லுக்கே இடமில்லை. மாமா படித்த ரியூட்டரி என்ற தனிவகுப்பு நிலையத்தின் வாசலில் ஒரு நாள் ஏதோ நடந்ததென்றும், அதற்குப் பிறகு அம்மா மூன்று மாதம் சரியாகச் சாப்பிடாமல் இருந்து அவரை இங்கே எடுப்பித்தாரென்றும் எனக்குத் தெரியும். என்ன நடந்தது என்று தெரியாது. மாமா வந்த முதலாவது புத்தாண்டு இரவில், ஊர் முழுவதும் வாணவெடி கொளுத்தியபோது, அம்மா எங்கள் எல்லோரையும் குளியலறைக்குள் உட்கார வைத்திருந்தார். அப்பா மட்டும் பத்திரிகையோடு உள்ளே வந்தார்.

நவம்பரில் டேனிஷ்காரர்கள் வாத்துச் சாப்பிடும் ஒரு நாள் உண்டு. அதையொட்டிக் கழகம் வாத்துப் போட்டி நடத்தும். விருந்தாளிகளும் சுடலாம், ஆளுக்கு ஐந்து வெடி, கூடிய புள்ளி எடுத்தவருக்கு வாத்து. தொழிற்சாலையில் மாமாவுக்கு அடுத்த இயந்திரத்தில் நின்ற இளைஞன் ஒருவன், அடர்ந்த மீசையும் சொந்தமாக ஒரு மக்னம் ரிவோல்வரும் உள்ளவன், எல்லோர் முன்னிலையிலும் மாமாவை அழைத்துவிட்டான். போகாவிட்டால் மாமாவின் பெயர் அன்றே முடிந்துவிடும். போனால் ஐந்து வெடிக்குள் முடிந்துவிடும். மாமா போவது என்று தீர்மானித்தார்.

“பிள்ளை, நீயும் வா. கதைக்கிறதுக்கு ஆள் வேணும்,” என்றார். வீட்டில் டேனிஷ் மொழி ஒழுங்காகப் பேசத் தெரிந்தவள் நான் ஒருத்திதான். அம்மாவிடம் நூலகத்துக்குப் போவதாகச் சொன்னோம். அம்மாவின் முகத்தில் தோன்றிய பெருமையை நான் இன்னும் மறக்கவில்லை.

பாண்காரர் தம்முடைய காரில் எங்களை ஏற்றிக்கொண்டார். ஊர் எல்லையைத் தாண்டியதும் மாமா பின்னிருக்கையிலிருந்து என் தோளைச் சுரண்டினார்.

“பிள்ளை, உந்தத் துவக்கு உதைக்குமோ எண்டு கேள்.”

“உதைக்கிறதெண்டா?”

“சுடேக்க திருப்பி அடிக்குமாம். கேளன்.”

நான் மனசாட்சியுள்ள மொழிபெயர்ப்பாளர். துப்பாக்கி திருப்பி அடிக்குமா என்று மாமா கேட்கிறார் என்று பாண்காரரிடம் சொன்னேன். அவர் கண்ணாடியில் மாமாவைப் பார்த்தார். மாமா தூரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். தம்முடைய வயதில் எல்லாமே திருப்பி அடிக்கும், பல் விளக்கும் தூரிகைகூட, என்று சொல்லிவிட்டுப் பாண்காரர் சுடுதிடல் வரும் வரை அடிக்கடி கண்ணாடியைப் பார்த்துக்கொண்டே காரை ஓட்டினார்.

அங்கே மரக்கொட்டில் ஒன்றில் கோப்பியும், சீனி தூவிய உருண்டைப் பணியாரங்களும் வைத்திருந்தார்கள். பரிசு வாத்து, உறைந்து கல்லாகி, ஒரு கதிரையில் தனியாக அமர்ந்திருந்தது. மேசைமேல் துப்பாக்கிகள் இருந்தன. பெண்களும் முதியவர்களும் சின்னதை எடுத்தார்கள். மாமாவின் கையும் சின்னதை நோக்கி மிக இயல்பாக நகர்ந்தது.

மீசைக்காரன் உரக்கச் சிரித்து ஏதோ சொன்னான். மாமா என்னைப் பார்த்தார்.

“அது தன்ர மாமியாற்ற துவக்காம். வீரன்மாருக்கு இல்லையாம்,” என்றேன்.

மாமாவின் கை நின்றது. கொட்டிலில் எல்லோரும் பணியாரத்தை மெல்லாமல் காத்திருந்தார்கள். மாமா தடித்த ரிவோல்வரைச் சுட்டினார். சுட்டிய விரலில் உறுதி இருந்தது. அந்த உறுதி விரலைத் தாண்டி எங்கும் பரவவில்லை என்பதை அருகில் நின்ற எனக்குப் பார்க்க முடிந்தது.

அது பாண்காரரின் ரிவோல்வர். விருந்தாளிக்குத் தாமே தோட்டா போட்டுத் தருவதாக அவர் சொன்னார். மக்னம் பெட்டியை எல்லோரும் பார்க்கும்படி திறந்து ஒருமுறை குலுக்கினார். பிறகு, காற்றுக்கு முதுகைக் காட்டுவதுபோல் எங்கள் பக்கம் திரும்பி நின்று, மேலங்கிப் பைக்குள் கையை விட்டு, அங்கிருந்து ஐந்து தோட்டாக்களை எடுத்து ஒவ்வொன்றாகப் போட்டார். அவை பெட்டியில் இருந்தவற்றைவிடக் குட்டையாக இருந்தன. குளிருக்குச் சுருங்கிவிட்டன போலும், அதனால்தான் பையில் வைத்துச் சூடாக்குகிறார் என்று நான் விளங்கிக்கொண்டேன். தண்டவாளம் குளிரில் சுருங்கும் என்று அந்த வாரம்தான் பள்ளிக்கூடத்தில் படிப்பித்திருந்தார்கள்.

மாமாவும் மீசைக்காரனும் பக்கத்துப் பக்கத்தில் நின்றார்கள். இருபத்தைந்து மீற்றர் தள்ளி அவரவர் குறியட்டை. என் காதுகளுக்கு மாட்டிய உறை மூக்குவரை இறங்கியிருந்தது. அதைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு பார்த்தேன். மாமா இரண்டு கைகளாலும் துப்பாக்கியைப் பற்றிக்கொண்டு, வாய்க்குள் பிள்ளையாரை அழைத்தார். மணி அடித்தது. இருவரும் சுட்டார்கள். மீசைக்காரனின் கை ஒவ்வொரு வெடிக்கும் வானத்தை நோக்கி எகிறியது, தொப்பி விழுந்தது. மாமாவின் துப்பாக்கியோ மெல்லத் தலையை ஆட்டிவிட்டுத் திரும்பவும் கீழே வந்தது. பின்னால் நின்றவர்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். என்ன கட்டுப்பாடு என்று யாரோ முணுமுணுத்தார்கள்.

பிறகு எல்லோரும் அட்டைகளைப் பார்க்கப் போனோம்.

மாமாவின் அட்டையில் ஒரு ஓட்டைகூட இல்லை. கடையில் வாங்கியபடி புத்தம் புதிதாக இருந்தது. மீசைக்காரனின் அட்டையில் பத்து ஓட்டைகள் இருந்தன. எல்லாம் ஒரே அளவு.

மாமா என் பக்கம் குனிந்தார். பொய்ப் பெயரைச் சுமந்து களைத்துப்போன மனிதனின் குரலில், “பிள்ளை, இனி ஒண்டும் மறைக்கேலாது. நான் கண்ணை மூடிக்கொண்டுதான் சுட்டனான் எண்டு சொல்லு. அந்தாளிட்ட மன்னிப்பும் கேள்,” என்றார்.

நான் ஒரு சொல்லும் கூட்டாமல் குறைக்காமல் சொன்னேன்: மாமா கண்களை மூடிக்கொண்டுதான் சுட்டாராம்; மன்னிக்க வேண்டுமாம்.

மீசைக்காரனின் முகம் வெளுத்தது. கண்களை மூடிக்கொண்டு, தன் அட்டையை விட்டு எதிராளியின் அட்டையில் ஐந்தையும் இறக்கி, அதற்கு மன்னிப்பும் கேட்கிற ஒருவனிடமா மாமியார் கதை சொன்னோம் என்று அவன் நினைத்திருக்க வேண்டும். திரும்பப் போட்டிருந்த தொப்பியைக் கழற்றிவிட்டு மாமாவின் கையைப் பிடித்துக் குலுக்கினான்.

“என்னடி சொன்னனீ?” என்று மாமா பதறினார்.

“நீங்கள் சொன்னதைத்தான்.”

அடுத்ததாக, மூன்று பேர் சேர்ந்தாலும் கூட்டம் நடத்தும் அந்நாட்டு வழக்கப்படி, கழகம் அங்கேயே கூடிக் கலந்தாலோசித்தது. ஒரு அட்டையில் கூடுதல் ஓட்டைகள் இருந்தால் உயர்ந்த புள்ளிகளைத்தான் கழிக்க வேண்டும் என்று விதி. கை உயர்த்தி வாக்கெடுத்தார்கள். மீசைக்காரனும் நேர்மையாகத் தனக்கெதிராகக் கை உயர்த்தினான். அவன் வாத்தை இழந்தான். அடுத்த இடத்தில் சின்னத் துப்பாக்கியோடு இருந்த பாண்காரர் அதைப் பெற்றார். தமது பற்கள் கட்டுப்பற்கள், வாத்துக்கு ஈடுகொடுக்க மாட்டா என்று சொல்லி அதை மாமாவிடம் கொடுத்தார். பத்து ஓட்டை விழுந்த அட்டையை யாரும் உற்றுப் பார்க்குமுன் மடித்துத் தமது பையில் வைத்துக்கொண்டார்.

அம்மா கதவைத் திறந்தார். வாத்தைப் பார்த்தார்.

“ஏன்டா தம்பி, இப்ப நூலகத்தில வாத்தும் குடுக்கினமோ?”

“ஓம் அக்கா... ஒரு போட்டி வைச்சவை,” என்றார் மாமா.

“என்ன போட்டி?”

“வாசிப்புப் போட்டி.”

அம்மா மாமாவின் மேலங்கியை வாங்கினார். அதை மாட்டப் போனவர், ஒரு கணம் முகத்துக்கு அருகில் வைத்துக்கொண்டு நின்றார். பிறகு மாட்டாமல் நேரே சலவை இயந்திரத்துக்குள் போட்டார். நான் காத்திருந்த ஏச்சு வரவில்லை.

மாலையில் வாத்து, மிளகாய்த்தூளும் பெருஞ்சீரகமும் ஏறிச் சிவப்பாகக் கொதித்தது. மாமாவால் சோற்றைப் பிசைய முடியவில்லை. விரல்கள் நடுங்கி, பிடித்த சோறு திரும்பத் திரும்பச் சாப்பாட்டுக் கோப்பையிலேயே விழுந்தது. அப்பா கறியைப் புகழ்ந்துகொண்டிருந்தார். விபரம் தெரிந்தவள் என்ற முறையில் நான் விளக்கினேன்:

“அது துவக்கின்ர உதைப்பம்மா. பெரிய துவக்கு. மீசைக்கார அண்ணைக்குத் தொப்பியே விழுந்தது.”

மாமா கண்களை மூடிக்கொண்டார். இப்போது அம்மா எழும்பிக் கத்தப் போகிறார் என்று நான் கதிரையின் விளிம்பைப் பிடித்தேன். அம்மா எழும்பினார். மாமாவின் கோப்பையைத் தம் பக்கம் இழுத்தார், சோற்றைக் குழைத்தார், உருண்டை பிடித்து அவருடைய வாயில் வைத்தார். மீசை அரும்பிய ஒரு வீரன் தமக்கை கையால் வாங்கிச் சாப்பிடுவதை நான் வாயைப் பொத்திக்கொண்டு ரசித்தேன். எனக்கும் ஊட்டச் சொல்லிக் கேட்டேன். “உனக்குக் கை இருக்குத்தானே,” என்றார் அம்மா.

அதற்குப் பிறகு மாமா எந்தத் துப்பாக்கியையும் தொடவில்லை. தொட வேண்டிய அவசியமும் இருக்கவில்லை. அந்தத் தொழிற்சாலையில் இருந்தவரை அவருக்குத் தேநீர் நேரத்தில் இடம் காத்திருந்தது. கல்யாண வீடுகளில் இன்றும் அந்தக் கதையைச் சொல்வார். சுடுகிறவர்களுக்கு வயது ஏற ஏறத் தோட்டா சிறுக்கிறது. சுட்டதைச் சொல்கிறவர்களுக்கு அது பெருக்கிறது. கடைசியாகக் கேட்டபோது மாமாவின் தோட்டா ஒரு கத்தரிக்காயளவுக்கு வந்திருந்தது.

படிக்கிற காலத்தில் விடுமுறைக்கு நான் முதியோர் இல்லமொன்றில் வேலை செய்தேன். பாண்காரர் அங்கே இருந்தார். ஒரு நாள் அவருக்குக் கோப்பி ஊற்றிக்கொண்டிருந்தபோது குளிருக்குச் சுருங்கிய தோட்டாக்களைப் பற்றிக் கேட்டேன். அவர் இருமல் வரும்வரை சிரித்தார். மக்னம் ரிவோல்வரில் அதன் தம்பி முறையான குட்டைத் தோட்டாவையும் போடலாம், உதைப்பே இருக்காது என்றார். அறுபதிலேயே அவருடைய மணிக்கட்டு போய்விட்டதாம். ஆனால் இளைஞர்கள் பேச்சை நிறுத்திவிட்டுப் பார்க்கிறார்களே! அதற்காக எட்டு வருடம் மேலங்கிப் பைக்குள் குட்டைகளை ஒளித்து வைத்து, இரும்புக்கை மனிதராக வாழ்ந்திருக்கிறார். காரில் மாமா கேட்ட கேள்வியைக் கேட்டதும் அவருக்கு விளங்கிவிட்டதாம், இன்னொரு ஆளும் தன்னைப்போலவே மாட்டிக்கொண்டிருக்கிறான் என்று. ஆகையால் தம்முடைய இரகசியத்தில் ஐந்தை எடுத்துக் கொடுத்தார்.

“அது உதைக்கவே இல்லையா?” என்று கேட்டேன்.

பூனை தும்மினால் எவ்வளவு உதைக்கும், அவ்வளவுதான் என்றார்.

நான் அவரோடு சேர்ந்து சிரித்தேன். கோப்பிக் குவளையை அவருடைய இரண்டு கைகளுக்குள்ளும் வைத்து, அவர் பிடித்துக்கொண்டாரா என்று பார்த்துவிட்டு, அடுத்த அறைக்குப் போகத் தள்ளுவண்டியைத் திருப்பினேன். நடைபாதையின் நடுவில்தான் மாமாவின் விரல்களிலிருந்து திரும்பத் திரும்ப விழுந்த சோறு நினைவுக்கு வந்தது. வாத்துப் போட்டி நடந்த அன்று நாள் முழுவதும் நான் எல்லோருக்கும் எல்லாவற்றையும் பிழையில்லாமல் மொழிபெயர்த்திருந்தேன். சாப்பாட்டு மேசையில் அது துவக்கின் உதைப்பு என்று அம்மாவுக்குச் சொன்ன அந்த ஒன்றைத் தவிர. அதை அம்மா நம்பவில்லை என்பதுகூட எனக்கு அன்று தெரியாது.